சுடுகலனில் ஏறிய குதிரை

தென்காசியிலிருந்து மேற்கே செல்லும் பெருவழி செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையில் மலையேறி, ஆரியங்காவுக் கணவாய் வழியே கேரளத்துள் இறங்குகிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துக்குச் சாரலைச் சுமந்து வரும் மேலைக்காற்று புகுவதும் இக்கணவாய் வழியேதான். மலையின் இரு சரிவிலும் காடு ஒன்றே; மழை ஒன்றே; இரவில் இறங்கிக் கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றியும் ஒன்றே. அப்பன்றியை விரட்ட முன்னாளில் உழவர் கையில் எடுத்த கருவியும் ஒன்றே. அக்கருவியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களோ கணவாய்க்கு இருபுறமும் வேறு வேறு.

கிழக்கே அது துப்பாக்கி, மேற்கே தோக்கு. கிழக்கே அதனுள் இடுவது தோட்டா, மேற்கே திர. மேற்கே ஒருவர் தோட்ட என்று சொன்னால், ஆற்றுக்கயத்தில் எறிந்து மீனைக் கொல்லும் வெடியை அவர் நினைக்கிறார். கிழக்கே விரல் மடக்கி இழுக்கும் உறுப்பை விசை என்போம், முதியோர் குதிரை என்பர். மேற்கே அது காஞ்சி. நமக்குக் காஞ்சி என்பது ஒரு மரம், ஒரு திணை, ஒரு மாநகர். திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை அவ்வூரார் வீட்டில் ஒரு சொல்லும் அலுவலகத்தில் மற்றொரு சொல்லுமாக வாழ்ந்தவர்கள். இரண்டு சொற்களையும் கலங்காமல் கையாளும் திறம் அங்குள்ள முதியோரிடம் இன்றும் உண்டு.

ஆங்கிலம் பேசும் உலகில் இத்தகைய பிரிவு அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளில் நிகழ்ந்தது. பிரித்தானியக் கம்மியரும் அமெரிக்கக் கம்மியரும் ஒரே கருவியைச் செய்தனர், பெயரில் பிரிந்தனர். குழலின் நுனியில் நிற்கும் குறிமுனையைப் பிரித்தானியர் முன்னோக்கு எனும் பொருளில் ஃபோர்சைட் என்றால், அமெரிக்கர் ஃபிரண்ட் சைட் என்பர். வெடியொலியைத் தணிக்கும் குழாய் பிரித்தானியர்க்கு மாடரேட்டர், அமெரிக்கர்க்குச் சப்ரஸர். தோட்டாக்களை வரிசையாகப் பற்றி நிற்கும் தகடு பிரித்தானியப் படையில் சார்ஜர், அமெரிக்கப் படையில் கிளிப். பிரித்தானியத் துப்பாக்கிக் கம்மியர் தம் கருவியின் மரையாணிகளைப் பின் என்று அழைப்பர். பிற தொழிலாளர் பொதுவாக மரையாணிக்கு அப்பெயரை இடுவதில்லை.

இவற்றால் எவருக்கும் பெருந்தீங்கு இல்லை. நம் நிகண்டு நூலோர் இதனை நன்கறிந்தவர்கள். ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கிய திவாகரத்தார், ஒருசொல் பல பொருளை உணர்த்துவதைத் தனித் தொகுதியாகப் பிரித்து வைத்தார். இரண்டும் வெவ்வேறு வகையான நிகழ்ச்சிகள் என்பதை அப்பிரிப்பே காட்டுகிறது. அறிவியலுக்கு முன்னது சுமை; பின்னது இடர். சுடுகலச் சொற்களை ஆராயுந்தோறும் இவ்வேறுபாடு எனக்கு மேலும் மேலும் தெளிவாகிறது.

பின்னதற்கு மிகச் சிறந்த சான்று ஹேமர் எனும் ஆங்கிலச் சொல். கும்பினிப் படைகள் பாளையக்காரரை எதிர்த்துத் திருநெல்வேலிச் சீமையில் நடந்த நாள்களில் அவற்றின் தோளில் இருந்தது சக்கிமுக்கிக்கல் பொருத்திய துப்பாக்கி. அதன் குழல்வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அதன் பக்கத்தில் வளைந்த கழுத்துடைய ஓர் உறுப்பு கல்லைத் தன் இரு தாடைகளுக்கிடையே கவ்வி நிற்கும். விசையை இழுத்ததும் அது பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும், பொறி பறக்கும், கீழே கிண்ணத்தில் உள்ள மருந்து பற்றும். கொத்தப் பாயும் சேவலின் சாயல் அதற்கு இருந்தமையால் ஆங்கிலேயர் அதனைக் காக், அதாவது சேவல், என்றனர். அடிவாங்கிய எஃகுத் தகட்டுக்குத்தான் அவர்கள் ஹேமர், அதாவது சுத்தியல், எனப் பெயரிட்டிருந்தனர். அடிக்கும் உறுப்புக்குச் சேவல். அடிபடும் உறுப்புக்குச் சுத்தியல்!

1807-இல் ஸ்காட்லாந்து நாட்டுச் சமயகுரு அலெக்சாண்டர் ஃபார்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வழியில் பின்னர்ச் செப்புத் தொப்பி வந்தது. நம் நாட்டுப்புறத்தில் கேப்பு என்று வழங்குவது அதுவே. கல் போயிற்று, உரசும் தகடும் போயிற்று. ஹேமர் எனும் பெயர் தான் தங்கியிருந்த பொருளை இழந்து வெற்றாக நின்றது. சேவலோ அலகில் கல்லை இழந்து, மொட்டை மூக்கால் தொப்பியை அடிக்கத் தொடங்கியது. இப்போது அதுதான் உண்மையில் சுத்தியல். பெயர் மெல்ல அதன்மேல் ஏறிக்கொண்டது. இன்று அமெரிக்கர் ஹேமர் என்பது அடிக்கும் உறுப்பை. பழைய உரசுதகட்டை அவர்கள் ஃபிரிசன் என்பர். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையேட்டையும் இன்றைய அமெரிக்க நூலையும் அருகருகே வைத்துப் படிப்பவர், ஒரே சொல் ஒன்றில் அடிப்பதையும் மற்றொன்றில் அடிபடுவதையும் குறிக்கக் கண்டு திகைப்பர். பழைய துப்பாக்கியின் பழுதை நீக்க முனைபவர் தவறான உறுப்பைக் கழற்றவும் நேரும்.

ஹேமரின் கதை அதோடு முடியவில்லை. 1875-இல் பர்மிங்காம் நகரில் ஆன்சன், டீலி எனும் இருவர், அடிக்கும் உறுப்பைப் புறத்தே காட்டாமல் பேழையினுள் மறைத்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு வடிவம் தந்தனர். ஹேமர் இல்லாத துப்பாக்கி என்று அவ்வகை பெயர் பெற்றது. உள்ளே அடிக்கும் உறுப்பு இருக்கத்தான் செய்தது. பிரித்தானியக் கம்மியர் உள்ளிருப்பதை டம்ளர் என்று அழைத்தனர்; ஆகவே அவர்கள் நோக்கில் ஹேமர் இல்லை என்பது மெய்யே. டம்ளர் எனும் சொல்லுக்கு உருண்டு திரும்புவது என்பது அடிப்பொருள். நம் வீடுகளில் காப்பி குடிக்கும் டம்ளரும் அதே சொல்தான். தொடக்கத்தில் அடி உருண்டு, நிறுத்தினால் சாயும் கிண்ணமாக அது இருந்தது.

ஆங்கிலேயர் கண்ட சேவலையே செருமானியரும் கண்டனர், ஹான் என்றனர். பிரெஞ்சுக்காரர் நாயைக் கண்டு ஷியன் என்றனர். போர்த்துகீசியரும் நாய் என்றே சொன்னார்கள். ஸ்பானியர் விரலால் இழுக்கும் உறுப்பைக் காத்தில்யோ, பூனைக்குட்டி, என்று அழைத்தனர். அதற்கும் முந்திய திரித்துப்பாக்கியில் எரியும் திரியைக் கவ்விக் கீழிறங்கும் வளைகம்பிக்கு ஐரோப்பாவில் பாம்பின் பெயர். இந்தியாவில் நாம் கண்டது குதிரையை. இந்தியில் கோடா, தமிழில் குதிரை. வீணையின் தந்திகளைத் தாங்கும் கட்டையும் நமக்குக் குதிரையே. அங்கே அது சுமக்கும் குதிரை, இங்கே பாயும் குதிரை. வெடிக்குழலைப் பார்த்த ஒவ்வோர் இனமும் தன் முற்றத்தில் திரிந்த விலங்கை அதன்மேல் ஏற்றி வைத்தது. உருவும் செயலும் பற்றிப் பெயரிடும் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது; உவமையே அதன் வேர்.

ஆனால் நம் குதிரை ஓரிடத்தில் நிற்கவில்லை. கடையநல்லூருக்கு மேற்கே மலையடிச் சிற்றூர் ஒன்றில், இளமையில் வேட்டைக்குச் சென்ற பெரியவர் ஒருவரிடம் குதிரை எது என்று கேட்டேன். அவர் சுட்டுவிரலை மடக்கி, இழுக்கும் உறுப்பைக் காட்டினார். அதே தெருவில், உரிமம் பெற்றோரின் துப்பாக்கிகளை ஒருகாலத்தில் பழுதுபார்த்த முதிய கொல்லரிடம் கேட்டேன். அவர் பெருவிரலைப் பின்னுக்கு வளைத்து, மேலே நின்று அடிக்கும் உறுப்பைக் காட்டினார். பழைய அகரமுதலிகள் கொல்லர் பக்கம் நிற்கின்றன. காக் எனும் ஆங்கிலச் சொல்லையே அவை குதிரைக்குப் பொருளாகத் தருகின்றன. இந்தியிலும் இதே வழுக்கல் நிகழ்ந்துள்ளது. கோடாவை அமுக்கு என்றால் இன்று விரலால் இழுப்பதையே குறிக்கும். சுடுபவருக்கு விரல் தொடும் இடமே தெரியும். செய்பவருக்கு உள்ளே பாய்வது தெரியும். பெயர் செய்பவர் கையிலிருந்து சுடுபவர் வாய்க்குப் போகும்போது ஓர் அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது.

இப்போது செய்தித்தாள்கள் எழுதும் விசை எனும் சொல்லையும் இவ்விடத்தே ஆராய வேண்டும். உள்ளிருக்கும் வில் வளைந்து ஆற்றலைத் தேக்கி நிற்கிறது. குதிரையைப் பின்னுக்கு இழுக்கும் பெருவிரலே அவ்வாற்றலை ஊட்டியது. வில் மீண்டும் நிமிராதபடி ஒரு சிறு எஃகு நுனி, குதிரையின் அடியில் வெட்டிய பள்ளத்தில் புகுந்து தடுத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்நுனி சியர். பிரெஞ்சில் பற்றுதல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பள்ளத்தைப் பிரித்தானியர் பென்ட் என்பர், அமெரிக்கர் சியர் நாட்ச் என்பர். விரல் இழுக்கும் உறுப்போ அந்நுனியைப் பள்ளத்திலிருந்து நழுவச் செய்வதோடு சரி. அதற்கென ஆற்றல் ஏதும் இல்லை. அது தடையை நீக்குகிறது. ஆங்கிலச் சொல் ட்ரிகர், இழுப்பது எனும் பொருளுடைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தமையால் அச்செயலை நேரே சொல்கிறது. நாம் அதனை விசை என்னும்போது, வில்லில் உள்ள ஆற்றலை இழுப்பானுக்கு ஏற்றிச் சொல்கிறோம். மின்விளக்கின் சொடுக்கியை மின்விசை என்பதும் அவ்வாறே. வழக்கு வலிது; அதனை மாற்றுதல் அரிது. ஆயினும் பள்ளி மாணவர்க்கு எழுதும் நூலில் விசைவில் என்றும் இழுப்பான் என்றும் பிரித்து எழுதினால், ஆற்றல் எங்கே தேங்குகிறது, எங்கே விடுபடுகிறது என்பது சொல்லிலேயே விளங்கும்.

அளவுச் சொற்களுக்கு வருவோம். இக்கட்டுரையின் பெரும்பொருள் இதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு போர் எனும் இரட்டைக்குழல் துப்பாக்கி இந்தியாவில் உரிமம் பெற்றோர் கையில் மிகுதியாகக் காணப்படுவது. போர் என்பது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் கேஜ் என்பர். செங்கோட்டையில் கேஜ் என்றால் 1904-இல் கொல்லத்துக்கு இணைந்த இருப்புப்பாதையின் மீட்டர் கேஜ் நினைவுக்கு வரும். அங்கே அச்சொல் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலத்தை நேராகக் குறிக்கும். துப்பாக்கியில் அது தலைகீழ். எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். பன்னிரண்டின் குழல்வாய் 18.5 மில்லிமீட்டர், பதினாறு 16.8, இருபது 15.6. ஏன் இப்படி என்று வியப்பவர் கடையநல்லூர்த் தறிக்காரரிடம் கேட்கலாம். 40-ஆம் நம்பர் நூல் 20-ஆம் நம்பர் நூலைவிட மெல்லியது என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 அடங்கினால் அது 40-ஆம் நம்பர். நூல் மெலிந்தால்தான் அதே எடையில் சிட்டம் கூடும். துப்பாக்கியிலும் கணக்கு அதே பவுண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஒவ்வோர் உருண்டையும் எக்குழலில் சரியாகப் பொருந்துமோ அக்குழல் பன்னிரண்டு.

இதனைச் சரிபார்ப்பது எளிது. பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே உருண்டையின் பருமன் 3.33 கன சென்டிமீட்டர். அதற்குரிய விட்டம் 1.85 சென்டிமீட்டர். மேலே சொன்ன 18.5 மில்லிமீட்டர் அதுவே. குழலின் உள்விட்டத்தை நூலிழை நுட்பத்தில் அளக்கும் கருவி கொல்லரிடம் இல்லாத நாளில், தராசு இருந்தது. தராசு கொண்டு விட்டத்தை அளந்த அறிவு இது. தறியும் துப்பாக்கியும் ஒரே தராசில் பிறந்த எண்களைச் சுமக்கின்றன என்பதை முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

விதிவிலக்கு ஒன்று நம் காவல் நிலையங்களிலேயே இருந்தது. இந்தியக் காவற்படை நெடுநாள் வைத்திருந்த நானூற்றுப்பத்து மஸ்கட் எனும் துப்பாக்கி, பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியின் குழலைக் குடைந்து மரையற்றதாக மாற்றியது. அதில் 410 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, நேரான விட்டம். அதனையும் மக்கள் போர் என்றே சேர்த்துச் சொல்வர். பவுண்டுக் கணக்கில் சொன்னால் அது ஏறத்தாழ 67 போர் ஆகியிருக்கும். ஒரே சொல்லின் கீழ் இரண்டு கணக்குகள்.

சிறு ஈயமணிகளின் எண்களிலும் இதே பிளவு. பிரித்தானியர் ஓர் அவுன்சில் எத்தனை மணி என்று எண்ணினர். அவர்களின் ஆறாம் எண் மணி அவுன்சுக்கு 270. அமெரிக்கர் 17-இலிருந்து எண்ணைக் கழித்து, எஞ்சியதை நூறால் வகுத்து விட்டத்தை அங்குலத்தில் பெறுவர். அவர்களின் ஆறாம் எண் 0.11 அங்குலம், அவுன்சுக்கு 225 மணி. ஆகவே பிரித்தானிய ஆறு சிறியது. அமெரிக்க ஆறு பிரித்தானிய ஐந்துக்கு நெருங்கியது. பெட்டியின்மேல் அச்சான எண் ஒன்றே. உள்ளே இருக்கும் மணி வேறு. ஒருசொல் பல்பொருளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எண்ணும் ஒரு பெயரே.

த்ரீ நாட் த்ரீயைச் சிற்றூர்ச் சிறுவரும் அறிவர். 0.303 அங்குலம் என்பது அதன் பொருள். மரைகுழலின் உட்சுவரில் சுழல் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பள்ளங்களுக்கிடையே மேடுகள் எஞ்சும். பிரித்தானியர் மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்கு அளந்தனர். பள்ளத்தையும் நிறைத்துச் சுழன்று செல்ல வேண்டிய குண்டு அதனிலும் பருத்தது, 0.311 அங்குலம். அமெரிக்கரின் மூன்று-பூச்சியம்-எட்டு வின்செஸ்டர் எனும் அளவில் 0.308 என்பது குண்டின் விட்டமே. விளைவு யாது? பெயரால் சிறிய 303-இன் குண்டு, பெயரால் பெரிய 308-இன் குண்டைவிடப் பருமனானது. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது. எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

இரட்டை எண்கள் இன்னும் கடினம். 1871-இல் பிரித்தானியப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கியின் தோட்டா 577/450. முதலெண், எந்தப் பழைய கூட்டிலிருந்து கழுத்தை ஒடுக்கினார்கள் என்பது, பின்னெண் குழலளவு. அமெரிக்கரின் 45-70 தோட்டாவில் முதலெண் குழலளவு. பின்னெண் உள்ளே இட்ட கருமருந்தின் எடை, 70 கிரெய்ன். அமெரிக்கரின் மற்றொரு தோட்டா 30-06. அங்கே 06 என்பது 1906 எனும் ஆண்டு. ஒரு கோட்டுக்குப் பின் நிற்கும் எண் ஒருமுறை அளவு, ஒருமுறை எடை, ஒருமுறை ஆண்டு. பெயரிட்டவர் யார், கம்மியரா, வணிகரா, படைத்துறை எழுத்தரா என்பதையே இவ்வெண்கள் காட்டிக்கொடுக்கின்றன.

செங்கோட்டையின் பெயரைச் சொன்னபின் அவ்வூர் வாஞ்சிநாதனை நினையாமல் செல்லலாகாது. 1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷை அவர் சுட்ட கைத்துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். அதனை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரௌனிங் அமெரிக்கர். யூட்டாவின் ஆக்டனில் பிறந்தவர். அவருடைய வடிவங்கள் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஆலையில் உருப்பெற்றன. இவ்வகைக் கருவிக்கு வந்த பெயரும் இரண்டு. அமெரிக்கர் தானியங்கி எனும் பொருளில் ஆட்டோமேட்டிக் என்றனர். பிரித்தானியர் தன்னிரப்பி எனும் பொருளில் செல்ஃப்-லோடிங் என்றனர். இயல்பு நோக்கில் பிரித்தானியப் பெயரே நேரியது. ஒருமுறை இழுத்தால் ஒருமுறை சுட்டுத் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும், தொடர்ந்து சுடாது. தொடர்ந்து சுடும் கருவிகள் பின்னர்ப் பெருகியபோது அமெரிக்கர் தம் சொல்லுக்கு முன் அரை எனும் ஒட்டைச் சேர்க்க நேர்ந்தது. பிரௌனிங்கின் தோட்டாவுக்கும் இரு பெயர்: ஐரோப்பாவில் 7.65 பிரௌனிங் என விற்றதும் அமெரிக்காவில் 32 ஏ.சி.பி. என விற்றதும் ஒரே தோட்டா. நம் வரலாற்று நூல்கள் இதனை ஓரிடத்தில் கைத்துப்பாக்கி என்றும், மற்றோரிடத்தில் சுழல் துப்பாக்கி என்றும் எழுதுகின்றன. சுழல் துப்பாக்கியில் தோட்டா நிற்கும் உருளை சுழலும். பிரௌனிங்கில் சுழல்வது எதுவும் இல்லை. நம் மண்ணின் இத்துணைப் பெரிய நிகழ்ச்சியைச் சொல்லும்போதாவது கருவியின் பெயர் பிழையாதிருத்தல் வேண்டும்.

நம் சொற்களில் பல ஏன் கடன்பட்டவை? துப்பாக்கி துருக்கியச் சொல்லின் வழிவந்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த ஃபிரங்கி எனும் பாரசீகச் சொல். தோட்டா வடக்கிலிருந்து வந்தது. தமிழனுக்குக் கருவிக்குப் பெயரிடத் தெரியாமலில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். கண்ணி வகையும் வலை வகையும் பறவை வகையும் அவன் வாயில் பெருகி வருகின்றன. அக்கருவிகள் அவன் கையால் முடையப்பட்டவை. வெடிக்குழலும் பாளையங்களில் நெடுங்காலம் பழகிய கருவிதான். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ளவை. 1755 தொடங்கிக் கும்பினிப் படைகள் அங்கே மோதின. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் கும்பினி ஆணையிட்டது. 1878-இன் படைக்கலச் சட்டம் நாடு முழுவதையும் உரிமத்துள் அடக்கியது. கருவி கொல்லன் பட்டறையை விட்டு நீங்கியபோது அவன் இட்ட பெயர்களும் நீங்கின. எஞ்சியவை உரிமத் தாளில் வரும் எஸ்.பி.எம்.எல்., டி.பி.பி.எல். எனும் எழுத்துகள். ஒற்றைக்குழல், வாய்வழி மருந்திடுவது என்பது முன்னதன் பொருள்; இரட்டைக்குழல், பின்வழித் தோட்டாவிடுவது என்பது பின்னதன் பொருள். பேச்சில் ஒத்தைக்குழல், ரெட்டைக்குழல் என்று மக்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு தெளிவான சொல் உரிமத் தாளில் ஏறவில்லை என்பது வருந்தத்தக்கது.

தமிழுக்குள்ளேயே ஒரு கடல்பிரிவும் உண்டு. ஈழத்து இதழ்கள் துப்பாக்கியில் இடுவதை ரவை என்றும், அவை அடங்கிய பேழையை ரவைக்கூடு என்றும், பீரங்கியிலிருந்து பாய்வதை எறிகணை என்றும் எழுதுகின்றன. தமிழ்நாட்டில் ரவை உப்புமாவுக்கு உரியது. சிறு ஈயமணிக்கு அப்பெயர் நம் பழைய வழக்கிலும் இருந்தது, மறந்தோம். நம் இதழ்களோ குண்டு எனும் ஒருசொல்லைக்கொண்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன. கைத்துப்பாக்கியிலிருந்து பாய்வது குண்டு. பீரங்கி எறிவது குண்டு. வானூர்தி இடுவது குண்டு. பெட்டியில் மறைத்து வைத்து வெடிப்பது குண்டு. மூவர் குண்டடி பட்டனர் என்று படிப்பவர், சுட்டார்களா வெடித்ததா என்று அடுத்த வரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஈழத்தார் துன்பத்தினூடே வாழ்ந்து பிரித்துப் பெயரிட்டனர். எது எங்கிருந்து வருகிறது என்பதை ஒலியால் அறிய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. எறிகணை எனும் சொல்லை நாமும் தயங்காமல் ஏற்க வேண்டும் என்பது என் துணிபு.

பிரித்தானியரும் அமெரிக்கரும் தத்தம் பெயர்களை இன்றும் விடவில்லை. தோட்டாவும் ரவையும் திரவும் அவ்வாறே அவரவர் மண்ணில் வாழட்டும். குதிரையும் குண்டும் ஆகிய இரண்டுக்கு மட்டும் கலைச்சொல் ஆக்குவோர் எல்லை வகுத்துத் தர வேண்டும். அடிக்கும் உறுப்புக்குக் குதிரையை நிறுத்திவிட்டு, இழுப்பது இழுப்பான், பாய்வது குண்டு, எறியப்படுவது எறிகணை, வைத்து வெடிப்பது வெடிகுண்டு என்று பிரித்தால் பெரும்பகுதி தெளியும். சியர் எனும் அத்தடுப்பு நுனிக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அகப்படவில்லை. கொக்கி என்று எழுதிப் பார்த்தேன். அது பற்றியதை இழுக்கும், இதுவோ தடுத்து நிற்கும். தாழ் என்றும் எழுதிப் பார்த்து அடித்தேன்.

அந்த மலையடிக் கொல்லரிடமே மீண்டும் சென்றேன். தாளில் வரைந்த படத்தைத் திண்ணையில் விரித்து, பள்ளத்துள் புகுந்து நிற்கும் நுனியைக் காட்டி, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, நகத்தால் அவ்விடத்தைத் தொட்டார்.

“இது நாக்குல்லா, தம்பி. நாக்கு விட்டாத்தான குதிர பாயும்.”